க என்றொரு பெண்

சரசரவென்று எதுவோ நொறுங்கிக்கொண்டிருந்தது. காகிதம்தான் என்று அருமைநாயகம் நினைத்தார். காகிதத்தை உள்ளங்கைக்குள் வைத்துக் கசக்கினால் இப்படித்தான் கேட்கும். முதலில் ஒரு முறுக்கல், பிறகு பொடிப்பொடியாக ஓர் உதிர்வு. படித்துவிட்டாள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்த இந்தப் பத்து நிமிஷத்துக்குள் கிருபா தானாகவே தாள்களைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கத்துக்குப் போய், படித்து, படித்ததைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். எழுந்து உட்காரலாமா என்று பார்த்தார். குனியக் கூடாது, முக்கக் கூடாது, சட்டென்று எழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெட்கப்படக் கூடாது என்று சொல்லவில்லை. அப்புறம் வாடை வந்தது. பூண்டு. சாயர்புரத்திலிருந்து வரும்போது ஊறுகாய் போடுகிறேன் என்று ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். அதைத்தான் முறத்தில் போட்டுத் தேய்த்துத் தோலை உதிர்க்கிறாள். ஃபூ என்று ஊதினாள். ஒரு தோல் பறந்து வந்து அவர் காலில் ஒட்டியது. எழுபத்தாறு வயசுக்காரர், முப்பத்துநாலு வருஷம் கல்லூரியில் சமயத் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர், கடவுள் உண்டு என்பதற்குச் சொல்லப்பட்ட அத்தனை நிரூபணங்களையும் கரும்பலகையில் எழுதி அத்தனையிலும் ஓட்டை காட்டியவர், ஒரு பூண்டுத் தோலுக்குப் பயந்து வேர்த்துப்போய்க் கிடந்தார்.

"பத்து நிமிசம் ஆச்சுண்ணே," என்றாள் கிருபா. "கண்ணத் தொறங்க. வாசிக்கட்டா?"

மெல்ல எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து திறந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் எண்ணெய்த் தாள் வழியே பார்ப்பதுபோல் இருந்தது. வலது கண்ணில் முந்தாநாள் புரை எடுத்தார்கள். இடது கண் தன் முறைக்குக் காத்திருந்தது. தங்கச்சி தரையில் ஒரு நீலக் கறையாக உட்கார்ந்திருந்தாள், முறம் ஒரு வெளுத்த வட்டம், அதன் பக்கத்தில் வெள்ளையாக ஓர் அடுக்கு. அதுதான் புரூஃப். அவருடைய ஒரே புத்தகம், ஆங்கிலத்தில் வந்து நாற்பது வருஷம் ஆகி, இப்போதுதான் தமிழுக்கு வருகிறது. பழைய மாணவன் எடிசன் சென்னையில் மொழிபெயர்த்து, தானே அச்சுக்கும் கொடுத்து, அடுத்த வாரம் வெளியீட்டு விழா என்று மண்டபமும் பிடித்துவிட்டான். திருத்தங்களை இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போனில் கேட்டு எழுதிக்கொள்வான். மனைவி லில்லி இருந்திருந்தால் அவள் வாசித்திருப்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. மகளுக்குப் புனேயில் லீவு கிடைக்கவில்லை. அண்ணன் தனியாகக் கிடக்கிறாரே என்று கிருபா பஸ் ஏறி வந்தாள், பூண்டோடும் ஒரு சாடியோடும். வந்த அன்றைக்கே, "சும்மாதான இருக்கேன், நான் வாசிக்கேன், நீங்க தப்புச் சொல்லுங்க," என்று தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமா, ரசித்தார். அதை நினைக்க நினைக்கத்தான் உடம்பு கூசியது. காலையில் வேதப்புத்தகம் வாசிக்கிற அதே ராகத்தில், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் சற்றே தூக்கி நிறுத்தி, விரலை வரியின் மேல் ஓட்டிக்கொண்டு அவள் வாசிக்க, தான் எழுதியது வேறு ஏதோ பெரிய இடத்திலிருந்து இறங்கி வருவதுபோல் கேட்டது. நாலு அதிகாரம் அப்படியே கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு கேட்டார். ஐந்தாவதில் என்ன இருக்கிறது என்பது நேற்றுச் சாயங்காலம் கரண்ட் போய் அவள் தாளை மூடி வைத்தபோதுதான் உறைத்தது. தன் பாட்டைத் தானே கேட்டு மயங்கியவனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

"பக்கம் நூத்தி மூணு," என்றாள் கிருபா. "அஞ்சாம் அதிகாரம். துன்பத்தின் முன் தத்துவம்."

இன்னும் ஒன்பது பக்கம். நூற்றுப்பன்னிரண்டில் இருக்கிறது அது. ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம், நடுவில் பூண்டுக்கு ஒரு நிமிஷம், ஆக முக்கால் மணி நேரம். தூக்குக் கைதிக்குக்கூட இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அவள் வாசிக்க ஆரம்பித்தாள். வார்த்தைகள் காதில் விழுந்தன, உள்ளே போகவில்லை. ஏன் இத்தனை வருஷம் இதைத் தமிழில் வரவிடவில்லை என்று எடிசனே ஒருமுறை கேட்டான். கலைச்சொற்கள் இல்லையப்பா என்றார். ஒருவரிடமா சொன்னார். மேடை போட்டுச் சொன்னார். பல்கலைக்கழகத்துக் கருத்தரங்கில், தமிழறிஞர்கள் வரிசையாக முன்னால் உட்கார்ந்திருக்க, இந்த மொழியில் பக்தி செய்யலாம், பக்தியைப் பற்றி யோசிக்க இன்னும் கருவிகள் வரவில்லை என்று பேச, ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். பாவம், அவர் போகும்போது துண்டு நாற்காலியில் மாட்டிக்கொண்டது. ஒரு மொழியையே குறை சொல்லியாயிற்று, எதற்கு? சாயர்புரத்தில் பால்வாடி டீச்சராக இருக்கிற ஒருத்திக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, தமிழ் தெரியும், அதற்கு. அப்படி வெளிப்படையாக அவர் தனக்குள்கூட ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. கலைச்சொற்கள் என்றே நம்பினார். மனசு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்கு அடிக்குறிப்பும் போட்டுக்கொள்கிறது. அப்புறம் ஓய்வு பெற்று, ஆங்கிலப் புத்தகம் நூலகத்திலும் தேய்ந்து, தெருவில் பழைய மாணவர்கள் முகம் மறந்து போகிற காலம் வந்ததும், எடிசன் போனில் "சார், தமிழ்ல உங்க பேர் நிக்கணும் சார்," என்றான். அவ்வளவுதான். பேர் நிற்கும் என்றதும் கலைச்சொற்கள் எல்லாம் தாமாக வந்துவிட்டன.

"அண்ணே," வாசிப்பை நிறுத்தினாள் கிருபா. "இருத்தல் இருத்தல்னு இந்த ஒரு பக்கத்துலயே பதினோரு தடவ வருது. இருக்குன்னு ஒரு தடவ சொன்னா போதாதா?"

"அது அப்படித்தான்."

"முப்பது வருசமா ஆண்டவர் இருக்காரா இருக்காரான்னு பிள்ளையளுக்குப் பாடம் நடத்துனியளே, கடைசில இருக்காருன்னு சொன்னியளா, இல்லன்னு சொன்னியளா?"

"கேள்வி சரியான்னு பாக்கச் சொன்னேன்."

"அதுக்குத்தான் சம்பளமா!" என்று சிரித்தாள். சிரிப்பு மட்டும் இருபது வயசுச் சிரிப்பு, எழுபதிலும் மாறவில்லை. சொல்லிவிடலாம் இப்போது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடலாம். கிருபா, இதில் உன்னைப் பற்றி ஒன்று இருக்கிறது. ஆறு வார்த்தை. அதற்குப் பதிலாக, "இந்த அதிகாரத்த எடிசனே பாத்துட்டானாம், நீ ஆறாவதுக்குப் போயிரு," என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே தெரிந்தது, இது இன்றைக்கு முளைத்த பொய், பழைய மரத்திலேயே முளைத்தது. "ஒண்ணாம் பக்கத்துல இருந்து வாசிச்சிட்டு நடுவுல தாண்டுறதா? வேதத்துல வம்ச அட்டவணையக்கூட நான் தாண்ட மாட்டேன், யார் யாரைப் பெத்தான்னு அத்தனை பேரும் எனக்கு மனப்பாடம்," என்றாள். "எங்க விட்டேன்? ம், நூத்தி அஞ்சு." விரல் வரியைத் தேடுகிற சத்தம், தாளின் மேல் நகம் உரசுகிற மெல்லிய சத்தம்கூட அவருக்குக் கேட்டது. கண் போனால் காது இப்படியா கூர்மையாகும்? ஒருவேளை காது எப்போதும் இப்படித்தான் இருந்தது, அவர்தான் கேட்காமல் இருந்தார்.

அட்டைகள். அந்த அட்டைகளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உள்ளங்கை அகல வெள்ளை அட்டைகள், சட்டைப் பையில் எப்போதும் பத்து இருக்கும், நிறைந்தவை பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். ஒரு டப்பாவுக்கு வாதங்கள், ஒன்றுக்கு மறுப்புகள், மூன்றாவதற்கு எடுத்துக்காட்டுகள். எடுத்துக்காட்டு எழுதுவதில் அவருக்கு இந்த மாநிலத்தில் ஆள் கிடையாது என்று பேர். முதலாண்டு மாணவர்களுக்கு அவர் நடத்துகிற முதல் பாடமே அதுதான். நடந்த ஒன்றை எடுங்கள், ஊரை எடுத்துவிடுங்கள், பேரை எடுத்துவிடுங்கள், சாதி, வயசு, சாப்பாடு, அன்றைக்கு மழையா வெயிலா, எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். எதை எடுத்தால் வாதம் விழுகிறதோ அதை மட்டும் வையுங்கள், மிச்சமெல்லாம் தோல். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒருமுறை பின் வரிசையில் ஒரு பையன், தூத்துக்குடிக்காரன், எழுந்து, "சார், எதை எடுத்தா வாதம் விழும்னு முன்னாடியே எப்படித் தெரியும்?" என்றான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்து, உட்கார் என்று கையைக் காட்டினார். அவன் தேர்வில் தேறவில்லை. பின்னால் துறைமுகத்தில் ராத்திரி வேலைக்குப் போனான் என்று கேள்வி. அவன் பேர் ஞாபகமில்லை. அவனுடைய பேரையும் உரித்தாயிற்று.

நூற்றேழு. நூற்றெட்டு. குழந்தையின் பேர் ரூபி. அதுவும் புத்தகத்தில் கிடையாது. ரெண்டு வயசு. அவரை மாமா என்று சொல்ல வராமல் மாம் என்று மட்டும் சொல்லும், சொல்லிவிட்டு அவருடைய பேனாவைப் பிடுங்கும். கிருபாவும் அவள் புருஷன் தனராஜும் காய்ச்சலோடு அதைத் தூத்துக்குடியிலிருந்து இங்கே பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட. ஏழு நாள். எட்டாம் நாள் அடக்கம். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே தனராஜ் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, கிருபா இங்கேயே இருந்தாள். லில்லி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஆக, வரிசை வீடுகளில் ஒன்றான அந்த வளவு வீட்டில் அண்ணனும் தங்கச்சியும் மட்டும். அவருக்கு முப்பது வயசு, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, பெங்களூர்க் கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டுரை இதுதான்: உண்மையாக இருப்பது என்பது ஒரு பொருளின் பண்புகளில் ஒன்றா, இல்லையா. அதைத்தான் முன்னறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பால் புட்டி மேஜை மேலேயே இருந்தது, அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டச்சு செய்தார். கட்டுரையை உறையில் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது கிருபா பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "அண்ணே, நீங்க இதத்தான படிச்சிய?" என்றாள். "ஏண்ணே?" அவ்வளவுதான் கேட்டாள். வாதமாக எதையும் கேட்கவில்லை. அவர் என்ன சொன்னார்? அதை இந்த நாற்பத்தாறு வருஷத்தில் எத்தனையோ விதமாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறார், ஒன்றும் சொல்லாமல் நின்றேன் என்று, தொண்டை அடைத்தது என்று. அப்படியெல்லாம் இல்லை. "தபால் நாலு மணிக்குக் கட்டிருவான் பிள்ள, இதப் போட்டுட்டு வந்துருதேன்," என்றார். போனார். பதிவுத் தபாலில் போட்டார். ஒப்புகை அட்டை இணைத்தாயிற்றா என்று இரண்டு தடவை பார்த்தார். பிறகு நேரே வீட்டுக்கு வராமல் ஒரு டீ குடித்து, ஒரு பழைய புத்தகக் கடையில் நின்று, மணி ஆறானபின் முன்வாசல் வழியாகப் பூனை மாதிரி வந்தார்.

ஜன்னலின் அழிக்கம்பி வழியாகப் பார்த்தபோது கிருபாவின் பக்கத்தில் மைமூன் இருந்தாள். மேலப்பாளையத்துக்காரி, அதே வளவில் கடைசி வீடு, நாற்பது வயசு இருக்கும், தலையில் போட்ட துணி எப்போதும் ஒரு பக்கம் நழுவிக் கிடக்கும். ஒன்றும் பேசவில்லை அவள். மறுநாள் பிற்பகலும் வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் கிருபா எழுந்து முகம் கழுவி, தலை சீவி, "அண்ணே, சோறு வடிக்கட்டா?" என்றாள். அவர் அந்த மூன்று நாளும் அழிக்கம்பிக்கு உள்ளே நின்றிருந்தார். போய் உட்காரக் கால் வரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் கேட்பாளோ என்ற பயம். மூன்றாம் நாள் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். ஜன்னல் திட்டின் மேல் வைத்து எழுதினார். க. ம. பதில் இல்லை. அருகில். வெறுங்கை.

நூற்றுப்பத்து. அந்த ஒரு அட்டையிலிருந்து ஒரு கட்டுரை, கட்டுரையிலிருந்து புத்தகம், புத்தகத்திலிருந்து பேராசிரியர் நாற்காலி. துன்பப்படுகிறவனுக்குத் தத்துவம் தரக்கூடிய பதில் ஒன்றுமில்லை, கையில் எதுவுமின்றி அருகில் இருப்பது ஒன்றே பதில் என்றார். வெறுங்கைத் தத்துவம் என்று அதற்குப் பேராகிவிட்டது. பாதிரியார்கள் அடக்க ஆராதனையில் சொன்னார்கள். கிருபாவின் கணவன் அடக்கத்திலேயே ஒரு பாதிரியார் சொன்னார், யார் சொன்னது என்று தெரியாமலே. அருமைநாயகம் கூட்டத்துக்குள் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கு, குளிரில் காது விறைத்துப்போன ஊர், பேசி முடித்ததும் ஒரு நரைத்த அம்மாள் கிட்டே வந்து, கண் கலங்கி, அந்த நண்பர் ம என்பவர் நீங்கள்தானே என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடியில் அவர் தலையை லேசாகக் குனிந்து புன்னகை செய்தார். அந்தப் புன்னகை. எத்தனையோ பாவம் இருக்கிறது உலகத்தில், ஆளைக் கொல்கிறான், தாலியை அறுக்கிறான். அவருக்கு இந்த ஒரு புன்னகைதான் ராத்திரிகளில் வந்து கட்டில் காலில் உட்கார்ந்துகொள்கிறது. லில்லிக்குத் தெரியும். கல்யாணமான எட்டாம் வருஷம் திருச்சியில் ஒரு பேச்சுக்குக் கூட வந்திருந்தாள், திரும்பி வருகிற பஸ்ஸில், "அது நம்ம கிருபா கதைதான?" என்றாள். "சேச்சே, பொதுவான எடுத்துக்காட்டு," என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோவில்பட்டி வரை திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவருடைய எந்தக் கூட்டத்துக்கும் அவள் வரவில்லை, வீட்டு வேலை என்று சொல்லிவிடுவாள்.

"பக்கம் நூத்திப் பன்னெண்டு," என்றாள் கிருபா.

தண்ணீர் வேண்டும் என்று சொல்லலாம். கண் வலிக்கிறது என்று சொல்லலாம், சொன்னால் பதறிப்போய் டாக்டருக்குப் போன் போடுவாள். மாடியில் யாரோ மோட்டார் போட்டார்கள், குழாய்க்குள் தண்ணீர் ஏறுகிற இரைச்சல். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள், ராகம் மாறாமல், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் தூக்கி நிறுத்தி.

"க என்றொரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுடைய ஒரே குழந்தை ஏழு நாள் காய்ச்சலில் இறந்துபோகிறது. ஏன் என்று அவள் கேட்கிறாள். ம என்னும் அவளுடைய நண்பர் கற்றறிந்தவர். சமயங்கள் சொல்லும் பதில்கள் யாவும் அவருக்குத் தெரியும். அவற்றில் ஒன்றையும் அவர் சொல்வதில்லை. மூன்று பிற்பகல்கள் அவள் அருகில் அவர் வெறுங்கையுடன்..."

நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறியின் ஒரு இறக்கை எதிலோ தட்டித் தட்டிச் சுற்றியது, இத்தனை நாள் அது தட்டுவதை அவர் கவனித்ததில்லை. நீலக் கறை அசையவில்லை. அவள் அந்த வரிக்கு முன்னால் திரும்பப் போவதும், விரல் மறுபடி முதலிலிருந்து ஓடி வருவதும் நகத்தின் சத்தத்தில் தெரிந்தது. ஒருமுறை. இன்னொருமுறை. அழுவாள் என்று நினைத்தார். தாளைக் கீழே போடுவாள், எழுந்து பையை எடுத்துக்கொண்டு நாலரை பஸ்ஸுக்குப் போய்விடுவாள். போகட்டும். போனால் நல்லது. போகாமல் இருந்தால்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அண்ணே, இதுல ஒரு தப்பு இருக்கு."

முதல் நாளிலிருந்து அவள் இப்படித்தான் சொல்கிறாள், ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தாலும், வரி கோணியிருந்தாலும். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "எத்தனாவது வரி?"

"ஆறாவது. வெறுங்கையோடன்னு போட்டிருக்கு. வெறுங்கையா எங்க உக்காந்திருந்தா? உளுந்துல்லா பொறுக்கிட்டிருந்தா."

"யாரு?" என்றார். அது கடைசிக் கோழைத்தனம், அவருக்கே கேட்டது.

"யாரா? மைமூன் அக்கா. மளிகைக் கடைக்குத் தினம் மூணு படி உளுந்து கல்லு பொறுக்கிக் குடுக்கணும் அவளுக்கு, குடுத்தாத்தான் அடுப்பு. வேலையத் தூக்கிட்டுதான் எம் பக்கத்துல வந்தா. சும்மா உக்கார அவளுக்கு ஏது நேரம்? மொத நா அவ மட்டும் பொறுக்குனா. மறு நா ஒரு குத்து அள்ளி எம் முன்னால போட்டு, புள்ள, எனக்குக் கண்ணு செத்த மங்குது, இதக் கொஞ்சம் பாருன்னா. அவளுக்குக் கண்ணு கழுகுக் கண்ணு. எனக்குத் தெரியாதா?" முறத்தில் அவள் கை தானாக எதையோ அளைந்தது. "கறுப்பு உளுந்துல கறுப்புக் கல்லுண்ணே. கண்ணுல தண்ணி நின்னா தெரியாது. தொடச்சிட்டுத் தொடச்சிட்டுப் பொறுக்கணும். மூணாம் நா பூரா நாந்தான் பொறுக்குனேன். அதுக்கப்புறந்தான் எந்திச்சு சோறு வடிச்சேன்."

உளுந்து. இருந்தது. ஜன்னல் வழியாக அவர் அதைப் பார்த்தார், கறுப்பாக, முறத்தில், இரண்டு பெண்களின் முழங்காலுக்கு நடுவே. பார்த்து, அட்டையில் எழுதும்போது விட்டார். தோல் என்று நினைத்து விட்டார். வாதத்துக்கு வேண்டாதது, சாப்பாட்டுச் சாமான். எதை எடுத்தால் வாதம் விழும் என்று முன்னாடியே எப்படி சார் தெரியும். அந்தத் தூத்துக்குடிப் பையன் பின் வரிசையில் எழுந்து நின்றுகொண்டே இருந்தான், யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. உளுந்தைத் திரும்ப வைத்தால் நூற்றுப்பதிமூன்றிலிருந்து நூற்றைம்பத்தைந்து வரை நிற்காது. வெறுங்கை நிற்காது. நாற்காலி, குளிர் ஊர், நரைத்த அம்மாளின் கண்ணீர், எதுவும் நிற்காது. சாயங்காலம் எடிசன் கேட்பான், சார், திருத்தம் ஏதாவது உண்டா சார். இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும்.

"அன்னைக்கு நான்..." என்றார். "நீ கேட்டப்ப நான் தபாலாபீஸ் போயிட்டேன், கிருபா."

"தெரியுமே. ஆறு மணிக்குத்தான் வந்திய."

"வந்தும் உங்கிட்ட வரல."

"ஜன்னல்ல நின்னிய. மூணு நாளும் பாத்தேன். கடைசி நா என்னமோ அட்டையில எழுதிட்டிருந்திய." குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "மதினிக்குக் கடுதாசி எழுதுறியன்னு நெனச்சேன். பிள்ளத்தாச்சியா இருக்கா, இங்க நடந்தத எப்படிப் பக்குவமா எழுதுறதுன்னு கஷ்டப்படுறியன்னு நெனச்சேன். பாவம் அண்ணன்னு நெனச்சேன்."

பாவம் அண்ணன். அவள் திட்டியிருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாங்கியிருக்கலாம். நாற்பத்தாறு வருஷமாக அவள் அவருக்காக ஒரு நல்ல காரணத்தை வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறாள், இப்போது அதைப் பையிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். கண்ணாடிக்குள் ஈரம் கோத்தது. அழக் கூடாது, தையல் போடாத கண், டாக்டர் அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தார். துடைக்கவும் கூடாது.

"பேனா இருக்கா?" என்றார்.

"செவப்பு இருக்கு."

"க என்றொரு பெண்ணைன்னு இருக்குல்லா, அத அடி. என் தங்கை கிருபாவதின்னு எழுது. குழந்தை பேர் ரூபின்னு எழுது. நண்பர் ம-வ அடி. பக்கத்து வீட்டு மைமூன். கற்றறிந்தவர் வேற ஆளு, அவர் தபாலாபீஸ் போயிருந்தார்னு எழுது."

"அதையுமா எழுதணும்?"

"அதையுந்தான்."

பேனா உரசியது. பால்வாடி டீச்சரின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக வளைத்துத்தான் அடுத்ததுக்குப் போவாள். வெகுநேரம் உரசியது. "உளுந்து?" என்று அவளே கேட்டு அவளே எழுதிக்கொண்டாள். பிறகு, "ஓரத்துல எடம் பத்தலண்ணே," என்றாள்.

"பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கும், அதுல எழுது."

எழுதினாள். எழுதி முடித்து ஊதினாள், மையை ஊதினாளா தோலை ஊதினாளா தெரியவில்லை. மன்னிச்சிரு என்று சொல்ல வேண்டும், அது வாய் வரைக்கும் வந்து, அதற்கும் ஒரு மேடைக் குரல் சேர்ந்துகொண்டு வந்ததைக் கண்டு, உள்ளேயே போட்டு மூடிக்கொண்டார். அவளும் அதைக் கேட்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். வெளுத்த வட்டம் தரையில் தேய்ந்துகொண்டே நகர்ந்து வந்து அவர் கட்டிலில் ஏறி மடியில் உட்கார்ந்தது.

"விரல் நுனி எரியுது எனக்கு," என்றாள் கிருபா. "மிச்சத்த நீங்க உரிங்க."

"எனக்குக் கண்ணு தெரியலயே."

"பூண்டு உரிக்கக் கண்ணு எதுக்கு?"

அவள் தாளைத் திருப்பினாள். "பக்கம் நூத்திப் பதிமூணு. ஆகவே..." என்று ஆரம்பித்து, அந்த ஆகவேயில் ஒரு விநாடி நின்று, பிறகு அதே ராகத்தில் மேலே வாசித்துக்கொண்டு போனாள். அவர் முறத்துக்குள் தடவி ஒரு பல்லை எடுத்து, அதன் அடியை நகத்தால் கிள்ளி, தோலை இழுத்தார்.